இரண்டு சின்னக் குறைகள்

என் அக்காவிடம் யாராவது "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிடுவாள். பால் பாக்கெட்டில் தேதி சரியாக இருந்தால், பழைய தேதியை அழித்துவிட்டுப் புதிதாக அச்சடித்திருக்கிறார்களோ என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள். கல்யாணமான புதிதில் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொண்டுவந்து நீட்டினாராம். "இது யாருக்கு வாங்கினது, எனக்கு வருது?" என்று கேட்டாளாம். பாவம் மனுஷன், இருபத்தெட்டு வருஷமாக அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற இடமும் அவளுக்கு வாய்த்தது. நாங்கள் இருவரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறோம். நான் பேக்கிங். மடித்து, கவரில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்குவேன். அவள் எனக்கு முந்தின மேஜை, கடைசிச் செக்கிங். தைத்து முடித்த சட்டை அவள் கையைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். காலர், தோள், கை, பட்டன், பாக்கெட், அடி ஓரம் என்று ஒரு சட்டைக்கு முக்கால் நிமிஷம். தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, இழுத்த நூல், எதுவும் அவளிடம் தப்பாது. சிவப்பு ஸ்டிக்கரை நறுக்கென்று ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தையல்காரப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவளுக்கும் அது தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

முப்பத்தெட்டு வயதில் ஒருநாள் காலை அவளால் அந்த ஸ்டிக்கரை உரிக்க முடியவில்லை. விரல்கள் முட்டி முட்டியாக வீங்கிக் கிடந்தன. மூட்டு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோய்க்கிருமி வந்தா அடிக்கிறதுக்குன்னு உங்க உடம்புல ஒரு காவல் இருக்கும்மா. அது இப்ப உங்க மூட்டையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. அதைக் கொஞ்சம் தூங்க வைக்கணும். மாத்திரை தர்றேன்."

மாமா வங்கி வாசலில் காவலுக்கு நிற்பவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. "வாட்ச்மேனைத் தூங்க வைக்கிறதா? என்ன டாக்டர், வேலை போயிடாது?" என்றார். டாக்டர் சிரித்தார், நான் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையைப் பிடித்து எங்கோ பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

பன்னிரண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டாள். விரல்கள் அடங்கின. ஐம்பது வயதில் சிறுநீரில் ரத்தம் வந்தது. இடது சிறுநீரகத்தில் கட்டி, புற்றுநோய். சிறுநீரகத்தை எடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்து நுரையீரலில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

அன்றைக்குத்தான் மடித்து வைத்ததை அவள் வெளியே எடுத்தாள். புற்றுநோய் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து, "காவலைத் தூங்க வெச்சாங்கல்ல, அதான் திருடன் உள்ள வந்துட்டான்" என்றாள்.

டாக்டரம்மா நிதானமானவர். "அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. அதே மாத்திரையை எத்தனையோ பேர் சாப்பிடுறாங்க, அவங்களுக்கெல்லாமா கட்டி வருது? மாத்திரையே சாப்பிடாதவங்களுக்கும் வருதே. உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "சொல்ல முடியாதுன்னாங்க. இல்லைன்னு சொல்லலை. கவனிச்சியா?"

"உனக்கு வேற வேலை இல்ல. வாயை மூடிட்டு வா" என்றேன். ஆனால் பொய் சொல்வானேன், நானும் கவனித்திருந்தேன்.

புது வைத்தியம் ஆரம்பமானது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற மருந்து. அது நேராகப் போய்க் கட்டியைக் கொல்லாதாம். கட்டி ஏதோ தந்திரம் பண்ணி உடம்பின் காவலைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறதாம், இந்த மருந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிடுமாம். டாக்டரம்மா இன்னொன்றையும் விளக்கினார். "அவிழ்த்துவிட்ட காவல் கட்டியை மட்டும் அடிக்கும்னு உத்தரவாதம் இல்ல. தோல், குடல், நுரையீரல், எதை வேணா அடிக்கலாம். உங்களுக்கு ஏற்கெனவே மூட்டுல அந்தப் பழக்கம் இருக்கு. அதனால எது நடந்தாலும் உடனே சொல்லணும். சின்ன விஷயம்தானேன்னு விடக் கூடாது." ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்னாலும் நர்ஸ் ஒரு படிவம் கொடுப்பார். அரிப்பு இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, வயிற்றுப்போக்கு உண்டா, ரத்தம் போகிறதா என்று பதினோரு கேள்விகள். கடைசியில், வேறு என்ன தொந்தரவு என்று எழுத இரண்டு வரி இடம்.

நாலாவது தடவைக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு புள்ளிகளும் பாதியாகச் சுருங்கியிருந்தன. நான் டாக்டரம்மா அறையிலேயே ஓவென்று அழுதுவிட்டேன். அக்கா அரைநாள் வேலைக்கு வர ஆரம்பித்தாள். தையல்காரப் பெண்கள் பூதக்கண்ணாடி திரும்பி வந்துவிட்டதே என்று புலம்பினார்கள். ஆனால் அவர்களில் இரண்டு பேர் அவளைக் கட்டிப்பிடித்து அழுததையும் பார்த்தேன்.

கெட்டது எங்கே ஆரம்பித்தது என்றால், ஆஸ்பத்திரி வராந்தாவில். அதே மருந்து ஏற்றிக்கொள்ள வருகிற ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் அக்காவிடம் சொன்னார்: "உடம்பு நம்மளையே அடிக்க ஆரம்பிச்சா சந்தோஷப்படுங்கம்மா. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எனக்குத் தோலெல்லாம் வெள்ளைத் திட்டு விழுந்துச்சு, இதோ பாருங்க. கட்டி கரைஞ்சே போச்சு." பால் பாக்கெட்டை நம்பாதவள் அந்த மனிதரை அப்படியே நம்பினாள். டாக்டரம்மாவிடம் கேட்டாள். "சில நோயில அப்படி ஒரு தொடர்பு தெரியுது, உண்மைதான். ஆனா..." என்று அவர் ஆரம்பித்தார். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வந்தது எதுவும் அக்கா காதில் ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

ஆறாவது மருந்து ஏற்றிய பிறகு எனக்குள் ஏதோ உறுத்த ஆரம்பித்தது. முதலில் உறுத்தியது அவள் மேஜை. இருபது வருஷமாக அவள் உட்கார்ந்த இடம் இரண்டு ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே. அந்த இடத்துக்காக ஒரு சூப்பர்வைசரோடு ஒரு மாசம் சண்டை போட்டவள் அவள். திடீரென்று அதைப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, கோடியில் கழிவறைக் கதவுப் பக்கம், வெளிச்சமே இல்லாத மேஜைக்குப் போய்விட்டாள். கேட்டால், "அங்க ஃபேன் காத்து வரலை" என்றாள். வெளிச்சத்தை விட்டுக்கொடுக்கிற செக்கிங்காரியை நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிடுகிறாள். பையில் ஒரு மாற்றுத் துணி வைத்திருக்கிறாள். கன்னம் ஒட்டிப் போகிறது, ஆனால் முகத்தில் ஒரு களை. அதுதான் எனக்கு இடித்தது. இளைக்க இளைக்கச் சந்தோஷப்படுகிறவளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? யாரோ போலி வைத்தியன் கையில் மாட்டிக்கொண்டாள், பட்டினி வைத்தியம், பொடி வைத்தியம் என்று ஏதோ நடக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் அவள் இல்லாதபோது பையைத் துழாவினேன். வெட்கமில்லாமல்தான் துழாவினேன். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைப் பொடி, ஒன்பது பாக்கெட் இருந்தது. அன்றைக்குக் காலை டீ இடைவேளைக்குள் அவள் ஆறு தடவை கழிவறைக்குப் போனதை எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் உள்ளே போனதும் குழாயை முழுசாகத் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது.

வேலை முடிந்ததும் நேராக வங்கி வாசலுக்குப் போனேன். மாமா என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தன் ஷூவைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

"மாமா, அக்காவுக்கு என்ன?"

"என்ன, ஒண்ணுமில்லையே. நல்லாத்தானே இருக்கா."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. "அவ சொல்லாததை நான் எப்படிம்மா சொல்றது? வீட்ல நான் இருக்கணுமா, வேணாமா?" என்றார். முப்பது வருஷம் வங்கியைக் காத்த மனிதருக்கு ஒரு பொய்யைக் காக்கத் தெரியவில்லை. நல்லவர்தான், ஆனால் அன்றைக்கு அவர் தொப்பியைப் பிடுங்கி அவரையே அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். மாமா கதவைத் திறந்துவிட்டு, எனக்குத் தெரியாது சாமி என்பதுபோல் மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அலமாரியில் ஆஸ்பத்திரி ஃபைல் இருந்தது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நகல் கொடுப்பார்கள். அவற்றை வரிசையாகக் கட்டிலில் பரப்பினேன்.

முதல் நாலு படிவங்களும் கோணல்மாணலாக இருந்தன. ஒன்றில் மூட்டு வலி பற்றிப் புலம்பல், ஒன்றில் எதுவுமே இல்லை, ஒன்றில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருந்தாள். கடைசி இரண்டு படிவங்கள் அழகாக இருந்தன. எல்லாக் கேள்விக்கும் "இல்லை". கீழே, "லேசான அரிப்பு. வாய் வறட்சி." அடுத்ததில், "லேசான அரிப்பு. கொஞ்சம் தலைவலி." சரியாக இரண்டு, அதுவும் சின்னதாக இரண்டு.

இந்தக் கைவரிசையை நான் இருபது வருஷமாகப் பார்த்து வருகிறேன். வெளியிலிருந்து சரக்கைச் சோதிக்க ஆடிட்டர் வரும்போது, குறையே இல்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தால் அவர் நம்பமாட்டார். பெட்டியைப் பிரி என்பார். அதனால் சரக்கில் பெரிய கோளாறு இருக்கிற நாளில் அக்கா ஒரு வேலை செய்வாள். நூல் முனை வெட்டவில்லை, லேபிள் சற்றுக் கோணல் என்று இரண்டு சின்னக் குறைகளை அவளே எழுதி வைப்பாள். பரவாயில்லை, யோக்கியமாக எழுதுகிறார்கள் என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். கோளாறான சட்டைக் கட்டு என் மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிறவளே நான்தான்.

அக்கா பையோடு உள்ளே வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"பெட்டியில என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரிந்தது. மெதுவாக உட்கார்ந்தாள். "வயித்தால போகுது" என்றாள்.

"எத்தனை தடவை?"

"பதினாலு. சில நாள் கூட."

"ரத்தம்?"

"கொஞ்சம்."

"எத்தனை நாளா?"

"போன தடவைக்கு முந்தின தடவை மருந்து ஏத்தினதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. ரத்தம் இந்தப் பன்னிரண்டு நாளாத்தான்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. மொட்டைமாடியிலிருந்து மாமா பாதிப்படி இறங்கி வந்து மறுபடி ஏறியது மட்டும் தெரியும். அக்கா கத்தவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

"சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? மருந்தை நிறுத்திட்டு, ஸ்டீராய்டைக் குடுத்து மறுபடி தூங்க வைப்பாங்க. ஒரு தடவை தூங்க வெச்சதுல ஒரு சிறுநீரகம் போச்சு. இந்தத் தடவை உசிரு போகும். குடலை அடிக்குதுன்னா நெஞ்சுல இருக்கிறதையும் அடிக்குதுடி. ஒவ்வொரு தடவை நான் உள்ள போறப்பவும், அங்க கொஞ்சம் கரையுதுன்னு நினைச்சுக்கறேன். எனக்கு வலிக்கிற மாதிரி அதுக்கும் வலிக்கும்ல?" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "எனக்கு வாழணும்டி. சொல்லிடாத. இன்னும் ரெண்டே தடவை ஏத்திக்கிறேன். வியாழக்கிழமை ஒண்ணு, அதுக்கப்புறம் ஒண்ணு."

என் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். நான் சத்தியம் செய்தேன். ஏன் செய்தேன் என்று கேட்பீர்கள். அவள் சொன்னதில் எனக்குப் பாதி நம்பிக்கை இருந்தது, அதுதான் காரணம். சுருங்கிய புள்ளிகளை நானும்தானே பார்த்தேன்! டாக்டரம்மாவே தொடர்பு இருக்கிறது என்றாரே! நான் வாயைத் திறந்து, அவர்கள் மருந்தை நிறுத்தி, புள்ளி மறுபடி வளர்ந்தால்? அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. யாரை நம்புவது என்று தெரியாமல் செத்துப் பிழைத்தேன்.

வியாழக்கிழமை என்னையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். துணைக்கு அல்ல, கண்காணிக்க. வராந்தாவில் படிவத்தை நிரப்பும்போது என் பக்கம் திருப்பிக் காட்டினாள், நீயும் உடந்தை என்பதுபோல. லேசான இருமல், கால் உளைச்சல் என்று இரண்டு. எழுதி முடித்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. ரத்தம் வற்றின முகம். எங்கள் அம்மா கடைசி வாரத்தில் இப்படித்தான் இருந்தாள்.

டாக்டரம்மா படிவத்தைப் பார்த்தார். "வெயிட் குறைஞ்சிருக்கே. எல்லாம் நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்கு டாக்டர். அரைநாள் வேலைக்குப் போறேன்ல, அதான்" என்றாள் அக்கா.

"பொய்" என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "பொய் டாக்டர். ஒரு நாளைக்குப் பதினாலு தடவை போகுது. ரத்தமும் போகுது. பதினஞ்சு நாளாச்சு."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். "இவ எதையாவது உளறுவா டாக்டர். சின்ன வயசிலேருந்தே இப்படித்தான்."

டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தார். அக்கா பல்லைக் கடித்தாள், ஆனால் முனகல் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். சக்கர நாற்காலி, ரத்தம், வயிற்றுக்குள் குழாய்விட்டுப் பார்ப்பது. குடல் முழுக்கப் புண், இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டிருந்தால் ஓட்டை விழுந்திருக்கும் என்றார்கள். புற்றுநோய் மருந்து இனி கிடையவே கிடையாது என்றார்கள். ஸ்டீராய்டு ஊசி ஏறியபோது அக்கா அந்தச் சொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கொன்னுட்டடி."

அவள் வாயிலிருந்து என்னிடம் வந்த கடைசி வார்த்தை அதுவாகத்தான் மூன்று மாசம் இருந்தது. குடல் ஆறியது, வீட்டுக்கு வந்தாள், வேலைக்கும் பழைய மேஜைக்கே வந்தாள். சட்டைகளை என் மேஜைக்கு இன்னொரு பெண் கையில் கொடுத்தனுப்பினாள். நான் அவள் வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்துவிட்டு உள்அறைக்குப் போய்விடுவாள். மாமாதான் இடையில் கிடந்து அல்லாடினார். "அவ நல்லா இருக்கான்னு உன்கிட்ட சொல்லச் சொல்லலை. நானாத்தான் சொல்றேன்" என்பார்.

ஒருநாள் நான் தனியாகப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "நான் பண்ணது சரியா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலைன்னா இன்னிக்கு உங்க அக்கா இருந்திருக்க மாட்டாங்க. காவலை நாங்க கொன்னுடலைம்மா, அடக்கி வெச்சோம். கட்டியை ஒரு தடவை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டது, அதை மறக்காமலும் இருக்கலாம். ஸ்கேன்ல பாப்போம்" என்றார்.

இருக்கலாமாம். நானும் அவள் தங்கைதானே, அந்த ஒரு வார்த்தையை வீடு வரைக்கும் மென்றுகொண்டே வந்தேன். பக்கத்து மேஜையில் அவள் ஒரு தடவை இருமினால் என் கை மடிப்பில் நின்றுவிடும். தூசியா, புள்ளியா? குடலில் சாக இருந்தவளைக் காப்பாற்றி நுரையீரலில் சாக அனுப்பினேனோ என்று யாரிடம் போய்க் கேட்பேன்? மனம் விட்டுக் கேட்கக்கூடிய ஒரே ஆள் என்னோடு பேசுவதில்லை.

ஸ்கேன் முடிவு வருகிற அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் வராந்தா பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தேன். அந்தக் கோடியில் அவளும் மாமாவும். பெயரைக் கூப்பிட்டதும் மாமா எழுந்து, எனக்கும் சேர்த்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அக்கா என்னைத் தாண்டி முன்னால் நடந்தாள்.

"ஒரு புள்ளி காணோம். இன்னொண்ணு முன்ன இருந்ததைவிடச் சின்னதாத்தான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பெயரைப் படித்தாள், வயதைப் படித்தாள். "இது என்னுதுதானா?"

"உங்களுதுதான்."

"மருந்தே இல்லாமயா?"

"மூணு மாசமா மருந்தே இல்லாம."

"திரும்ப வராதுன்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்மா. வரலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்துக்கிட்டே இருக்கணும்."

அக்கா தலையாட்டினாள். அவர் சொன்னதில் அவள் முழுசாக நம்பிய முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். எழுந்து வெளியே போனாள். நான் பின்னால் வந்தேன். படிக்கட்டில் ஒரு படி இறங்கினவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். தோள் குலுங்கியது. கல் மாதிரி இருந்தவள் குழந்தைபோல் விசும்பி விசும்பி அழுதாள். மாமா கர்சீப்பைத் தேடினார், கிடைக்கவில்லை. கிட்டே போகலாமா, தள்ளிவிடுவாளா என்று தெரியாமல் நான் இரண்டு படி மேலேயே நின்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். முகம் இன்னும் கோபமாகத்தான் இருந்தது.

"உன்னை நான் மன்னிக்கலை. அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றாள். "பசிக்குதுடி. வா, சாப்பிடப் போகலாம்."